மேற்படி

ஜனவரி 12

அன்புள்ள மேற்படிக்கு,

ஒன்பது முறை போன் அடித்தேன். பத்தாவது முறை உன் வீட்டுக்காரர் எடுத்து, "அவ குளிக்கிறா" என்றார். மத்தியானம் இரண்டு மணிக்கு யார் குளிப்பார்கள்? சரி, எழுதுகிறேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிறவள் நீ. இதையும் படிப்பாய்.

உன் வீட்டுக்காரரும் படிப்பார் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். டிசம்பரில் ஒரு பெண் குழந்தையை மூளைக்காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினாலு மாதம். முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீர் எங்கள் லேபுக்கு வந்தது. எங்களுக்குப் பெயர் வராது, எண்தான் வரும். 318. அதில் இருந்தது நிமோகாக்கஸ். அந்தக் கிருமியில் நூறு வகைக்கு மேல் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டை. சீரம் என்கிற சோதனைத் திரவத்தை ஊற்றி, எதில் சட்டை உப்புகிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எந்தச் சட்டை என்று சொல்வதுதான் இருபத்தெட்டு வருஷமாக என் பிழைப்பு. உன் மையத்தில் நீ குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி அதில் பதின்மூன்று சட்டைகளைத் தடுக்கும். 318-ல் இருந்தது அந்தப் பதின்மூன்றில் ஒன்று. இருபத்துமூன்று எஃப். அப்படித்தான் எழுதி அனுப்பினேன்.

அந்தக் குழந்தைக்கு மூன்று தவணையும் உன் மையத்தில் போட்டது என்று அறிக்கை போன பிறகுதான் எனக்குத் தெரியும். முன்பே தெரிந்திருந்தாலும் வேறு மாதிரி எழுதியிருக்க முடியாது. ஊசி போட்ட குழந்தைக்கு ஊசிக்குள் இருக்கும் வகையே வந்தால், ஊசி கெட்டுப்போயிருந்ததா என்றுதான் மேலே கேட்பார்கள். ஊசி கெடுவது ஃப்ரிட்ஜில். ஃப்ரிட்ஜ் உன் பொறுப்பு. இதில் நான் உன் மேல் பழி போட்டதாக நீ நினைத்தால் நான் என்ன செய்வேன்?

சாப்பிடு. தூங்கு. போனை எடு.

உன் அக்கா


ஜனவரி 20

அக்காவுக்கு,

முதலில் ஒன்று. என்னை மேற்படி என்று கூப்பிடாதே. பள்ளிக்கூடப் பதிவேட்டில் உன் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதி, அப்பா பெயர் மேற்படி, முகவரி மேற்படி என்று வாத்தியார் போட்டதை நீ வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தாய். எனக்கு வயது ஆறு. அன்றிலிருந்து இந்தக் குடும்பத்துக்கே நான் மேற்படி. போதும்.

பதினாலாம் தேதி விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார்கள், மூடினார்கள், வெப்பநிலைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் பதினொரு வருஷம் இருக்கிறது, அக்கா. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. மாமனார் இறந்த அன்றைக்குக்கூட அழுத முகத்தோடு போய்க் கதவைத் திறந்து பார்த்து எழுதிவிட்டு வந்தேன். அதைப் புரட்டிப் பார்த்த ஒருவர், "எல்லாம் ரொம்ப ஒழுங்கா இருக்கே, வீட்ல உக்காந்து எழுதினீங்களா?" என்றார். ஒழுங்காக இருந்ததும் குற்றம்.

விசாரணை முடியும்வரை என்னை மருந்துக் கிடங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள். பஞ்சு, துணிக்கட்டு, சிரிஞ்சு பெட்டிகளுக்கு ஒட்டுத்தாள் ஒட்டுகிறேன். ஊசி போடும் அறையில் வேறொருத்தி. அதே வராந்தாவில் என்னைத் தாண்டித்தான் தாய்மார் போகிறார்கள். வழக்கமாகப் பிள்ளையின் கையை ஆட்டி எனக்கு டாட்டா காட்ட வைப்பவர்கள் இப்போது பிள்ளையை அந்தத் தோளுக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.

அந்தக் குழந்தை பிழைத்துவிட்டது. காது போய்விட்டது, இரண்டும். அம்மாக்காரி நிறைமாசம். நேற்று வந்து என் மேஜை முன்னால் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "நீங்க நல்லாத்தானே போட்டீங்க, சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஜூலையில், அந்தக் குழந்தைக்குக் கடைசித் தவணை போடுவதற்கு முன்னால், ஒரு நாள் தட்டு பின்சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பின்சுவரில் பனி பிடிக்கும். உறைந்தால் அந்த மருந்து வெறும் தண்ணீர். தட்டை இழுத்து வைத்தேன், ஒவ்வொரு குப்பியையும் குலுக்கிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. சரியாகத்தான் இருந்ததா? இதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை. உன் மைக்ராஸ்கோப் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சொல். அந்தக் குழந்தையைக் கெடுத்தது நானா?

தங்கச்சி


பிப்ரவரி 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

கூப்பிட மாட்டேன். இவ்வளவு நாள் உனக்கு அது வலித்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

உன் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. நான் பார்ப்பது கிருமியை. உன் ஃப்ரிட்ஜை இல்லை. ஆனால் பதினொரு வருஷம் பார்த்துப் பார்த்து எழுதினவள் ஒரு நாள் தவறியிருந்தால், அதற்காக உன்னைக் கழுவேற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மருந்து உறைந்திருந்தால் உறைந்தது. ஒப்புக்கொண்டுவிட்டால் எச்சரிக்கையோடு விடுவார்கள் என்று எங்கள் தலைமை டாக்டர் சொன்னார். யோசித்துப் பார்.

எனக்கும் அலுத்துவிட்டது. ஜூனில் ஓய்வு. நான் சேர்ந்த புதிதில் காலையில் இன்குபேட்டர் கதவைத் திறந்தால் கிருமி வளர்க்கும் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும், பெரும்பாலும் குழந்தைகளுடையவை. ஆறாம் வகை, பதினாலு, பத்தொன்பது, இருபத்துமூன்று. பார்த்ததுமே சொல்லிவிடுவேன், அவ்வளவு பழக்கம். பிறகு உங்கள் ஊசி வந்தது. நாலைந்து வருஷத்தில் அடுக்கு கரைந்துவிட்டது. ஒரு வாரம் குழந்தைத் தட்டு ஒன்றுகூட வராமல் போய், இன்குபேட்டர் பழுதோ என்று ஆளைக் கூப்பிட்டுப் பார்த்தோம். அன்றைக்கு எல்லோருக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் மெல்ல வேறு முகங்கள் வரத் தொடங்கின. அவை புதிதாக முளைத்தவை இல்லை. குழந்தைகளின் மூக்குக்குள் ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தவை. பெரிய ஆட்களை ஊசி காலி செய்ததும் இடம் கிடைத்து நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டன. அவற்றில் சில, நோயும் தருகின்றன. மொத்தமாகப் பார்த்தால் நோய் இன்னும் பழைய அளவில் கால்வாசிகூட இல்லை, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆனால் வந்திருப்பது யார் என்று சொல்லத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது. என் கண்ணும் முன்போல் இல்லை.

உனக்கு நம்பிக்கை வரட்டும் என்று எங்கள் பதிவேட்டில் அந்தப் பக்கத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். 317 ஒரு வயதானவருடைய ரத்தம், இருபத்துமூன்று எஃப். அதற்குக் கீழே 318, உன் குழந்தை. நீயே பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 10

அக்காவுக்கு,

பார்த்தேன். 317-க்கு நேராக நாலு கட்டத்திலும் உன் கையெழுத்து இருக்கிறது. எந்தச் சீரம் ஊற்றினாய், எதில் சட்டை உப்பியது, எதில் உப்பவில்லை, எல்லாம். 318-க்கு நேராக முதல் கட்டத்தில் 'இருபத்துமூன்று குடும்பம்' என்று இருக்கிறது. மீதி மூன்று கட்டத்துக்கும் குறுக்கே ஒரே ஒரு சொல்.

மேற்படி.

எங்கள் வெப்பநிலைப் பதிவேட்டில் அந்தச் சொல்லை எழுதவே கூடாது. வேலையில் சேர்ந்த முதல் வாரம் நான் எழுதினேன். காலையில் நாலு டிகிரி, மாலையிலும் நாலு, அதனால் மேற்படி. மேற்பார்வைக்கு வந்த அம்மா அந்தப் பக்கத்தைக் கிழித்து என் கையில் கொடுத்தார். "நாலுன்னா நாலுன்னு எழுதும்மா. மேற்படின்னா நீ பாக்கலைன்னு அர்த்தம்" என்றார். அன்றிலிருந்து நாலு என்றால் நாலு என்றுதான் எழுதுகிறேன்.

நீளமாக எழுத வேண்டாம். எச்சரிக்கையோடு விடுவார்கள், ஓய்வு வருகிறது, கண் மங்குகிறது, எதுவும் வேண்டாம். 318-ஐக் கடைசிச் சீரம்வரை பார்த்தாயா? பார்த்தேன், பார்க்கவில்லை. இரண்டில் ஒன்று.

தங்கச்சி


பிப்ரவரி 24

பார்க்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்றைக்கே 318-ஐக் குளிர்ப் பெட்டியிலிருந்து எடுத்து வளர்த்தேன். இந்தக் குடும்பத்தில் மூன்று பேர்: எஃப், ஏ, பி. குடும்பச் சீரம் ஊற்றினால் மூன்று பேருக்குமே சட்டை உப்பும். எந்த ஆள் என்று தெரிய அவரவருக்கான சீரம் தனித்தனியாக ஊற்ற வேண்டும். எஃப்-க்கு உரியதை ஊற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஸ்லைடைத் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினேன், மறுபடி, மறுபடி. பிறகு பி-க்கு உரியதை ஊற்றினேன். ஒவ்வொன்றைச் சுற்றியும் சட்டை பளிச்சென்று உப்பி நின்றது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை.

இருபத்துமூன்று பி. அது உங்கள் ஊசியில் இல்லை. நீ போட்ட மருந்து உறையவில்லை, கெடவில்லை. அது தடுக்க வேண்டியதைத் தடுத்துவிட்டது. வந்தது வேறு ஆள்.

ஏன் பார்க்கவில்லை என்று கேட்பாய். பழைய காலத்தில் இருபத்துமூன்று என்றால் எஃப்-தான். மற்ற இரண்டும் எப்போதாவது வரும். அதனால் குடும்பம் தெரிந்ததும் கை தானாக எழுதிவிடும். வெளியே ஆட்கள் மாறிக்கொண்டிருக்கிறார்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் போய்ப் பேசினவள் நான். உனக்கும் அதைத்தானே மூன்று பக்கம் எழுதினேன். என் கை மட்டும் அதைக் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாலு வருஷப் பதிவேட்டைப் புரட்டிவிட்டேன். என் கையெழுத்தில் நாற்பத்தொரு மேற்படி. எந்த வகை பெருகுகிறது, அடுத்த ஊசியில் எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

தலைமை டாக்டரிடம் 318-ஐ மட்டும் சொன்னேன். "மறுபரிசோதனையில் வகை திருத்தப்பட்டது" என்று ஒரு வரி அனுப்பிவிடலாம், காரணம் எழுத வேண்டாம், ஓய்வு பெறும் நேரத்தில் எதற்கு என்றார். அந்த வரி போதும் என்று நினைக்கிறேன். உன்னை அந்த அறைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் இல்லையா? நீ சரி என்றால் நாளைக்கே அனுப்பச் சொல்கிறேன்.

என்னை மன்னிப்பாயா என்று கேட்க வாய் வரவில்லை.

அக்கா


மார்ச் 3

அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுக் கிடங்கிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா, கோபமா என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டிருந்த மூட்டையை இறக்கி வைத்தால் தோள் வலிக்குமே, அதுதான்.

உன் சம்மதம் கேட்காமல் அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். இரண்டாவது பிறந்து பதினேழு நாள், அதுவும் பெண். ஒரே அறை. கட்டிலில் சின்னது, கீழே பாயில் பெரியது. பெரியது ஒரு தகர டப்பாவைத் தரையில் தட்டித் தட்டி விளையாடுகிறது. அவ்வளவு சத்தம் போடுகிறோம் என்று அதற்குத் தெரியாது. எடுத்து வைக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை.

சொன்னேன். முதலில் கண்டுபிடித்தது தவறு, வந்தது ஊசியில் இல்லாத வகை என்று. அவள் சின்னதின் துணியைச் சரிசெய்தாள். பிறகு, "அப்ப யாரு தப்பு?" என்றாள்.

"யாரு தப்பும் இல்லைம்மா."

"யாரு தப்பும் இல்லாமயா இவளுக்கு இப்படி ஆச்சு?"

அப்புறம் அவள் கேட்டதுதான் என்னைப் போட்டு அறுக்கிறது. "இதுல இல்லாதது வந்து இப்படிப் பண்ணும்னா, சின்னவளுக்கு எதுக்கு சிஸ்டர் இந்த ஊசி?"

பதின்மூன்றைத் தடுக்குமே என்றேன். லேபில் இருப்பது என் அக்கா என்று சொல்லி, உன் தட்டு அடுக்குக் கதையைச் சொன்னேன். முன்பெல்லாம் எத்தனை பிள்ளைகள், இப்போது எத்தனை என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். நம்பின மாதிரியும் இல்லை, நம்பாத மாதிரியும் இல்லை. "அன்னிக்கு லேப்ல தப்பா சொன்னாங்க. இப்ப சரியாச் சொல்றாங்கன்னு நான் எதை வெச்சு நம்பறது? எழுதிக் குடுத்திருக்காங்களா?" என்றாள்.

கேட்டாயா? உன் ஒரு வரியை அவளிடம் காட்டினால் என்ன நினைப்பாள்? நர்ஸைக் காப்பாற்ற அக்காக்காரி பூசி மெழுகிவிட்டாள் என்றுதான் நினைப்பாள். நான் அவள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். வராந்தாவில் போகும் ஒவ்வொருத்தியும் அப்படித்தான் நினைப்பாள். சின்னவளுக்கு ஊசி போடாமல் விட்டு, நாளைக்குப் பதின்மூன்றில் ஒன்றே வந்து நின்றால், அதையும் மேற்படி என்று எழுதுவாயா?

காரணத்தோடு எழுது. நாற்பத்தொன்றையும் எழுது. உனக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் கேட்கிறேன். கேட்பதற்கு எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

தங்கச்சி


மார்ச் 17

அன்புள்ள தங்கச்சிக்கு,

எழுதிவிட்டேன். ஐந்து நாள் மேஜை இழுப்பறைக்குள் வைத்திருந்தேன். என்னைப் பெரிய மனுஷி என்று நினைத்துவிடாதே. தினமும் எடுத்துப் படிப்பேன், ஒரு சொல்லை மாற்றுவேன், உள்ளே வைப்பேன். ஆறாம் நாள் மாற்ற ஒன்றும் மிச்சமில்லாமல் போனது.

"318-ன் முதல் பரிசோதனை முழுமையாகச் செய்யப்படவில்லை. மேற்படி என்று எழுதப்பட்டது. எழுதியவள் நான். இதேபோல் இன்னும் நாற்பது பதிவுகள் உள்ளன. தடுப்பூசி மையத்தின் குளிர்சாதனத்தில் குறை இருந்ததாகக் கருத இந்த அறிக்கையில் எந்த ஆதாரமும் இல்லை." கீழே கையெழுத்து. இதன் நகலை வைத்திருக்கிறேன். அந்த அம்மாவிடம் கொடு. படித்துக் காட்டாதே, கையில் கொடு.

தலைமை டாக்டர் வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை எழுதாம இருந்திருக்கலாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எழுதினது நல்லது" என்றும் சொன்னார். மைக்ராஸ்கோப் இனி எனக்கு இல்லை. ஜூன் வரைக்கும் நாற்பதையும் எடுத்து வளர்த்து இன்னொருவர் முன்னால் வைக்க வேண்டும், அவர் பார்ப்பார், நான் எழுதுவேன். அவர் சொல்வதை ஒவ்வொரு கட்டத்திலும் முழுதாக எழுதுகிறேன். இதுவரை பத்தொன்பது முடிந்தது. அதில் பதினொன்று நான் எழுதின வகை இல்லை. பாதிக்கு மேல். எங்கள் கண் முன்னால் ஆட்கள் மாறியிருக்கிறார்கள், நான் பழைய பெயரையே சொல்லி வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு யாரும் வருவதில்லை. உன் வராந்தா எப்படி இருந்திருக்கும் என்று இப்போது கொஞ்சம் தெரிகிறது.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

போன மாதம் முப்பதாம் தேதி என்னைத் திரும்ப அறைக்கு அனுப்பினார்கள். வருத்தம் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். முதல் வேலையாகப் புது வெப்பநிலைப் பதிவேட்டைத் திறந்தேன். எனக்குப் பதிலாக வந்தவள் முதல் நாள் நாலு டிகிரி என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே எழுபத்தைந்து நாள், வரிசையாக, அழகான கையெழுத்தில், மேற்படி.

சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. என்மேல் விசாரணை நடந்த அத்தனை நாளும் அந்த ஃப்ரிட்ஜுக்குள் யாருமே பார்க்கவில்லை. உள்ளே இருந்த மருந்தெல்லாம் நன்றாகவே இருந்திருக்கலாம். ஆனால் என்னால் சத்தியம் செய்ய முடியாது. அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, புது மருந்து கேட்டும், அவள் போட்ட பிள்ளைகளுக்கு மறுபடி போட வேண்டுமா என்று பார்க்கப் பட்டியல் கேட்டும் மேலே எழுதினேன்.

அன்றைக்குப் பார்த்து அந்த அம்மா வந்தாள். இடுப்பில் பெரியது, தோளில் சின்னது, கையில் நீ எழுதின நகல், நாலாக மடித்து. மடிப்பு அழுக்காகியிருந்தது, பல தடவை பிரித்துப் படித்திருக்கிறாள். "எழுதிக் குடுத்தாங்கள்ல, அதான் வந்தேன்" என்றாள். அவளைப் போய் எப்படித் திருப்பி அனுப்புவேன்? போனவள் வராமலே போய்விட்டால்? ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், ஒதுக்கி வைத்த பெட்டியைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. உனக்கு அன்றைக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்று அப்போது தெரிந்தது, அக்கா. ரொம்பச் சுலபமாகத்தான் இருக்கிறது.

"இது பாக்காம வெச்ச மருந்தும்மா. அடுத்த வாரம் புதுசு வரும், அப்ப வாங்க" என்றேன். என்னையே பார்த்தாள். நகலைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். எட்டு நாள் வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முந்தாநாள் வந்தாள். மையம் திறப்பதற்கு முன்பே படியில் உட்கார்ந்திருந்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்து அவள் கண் முன்னாலேயே பார்த்து எழுதினேன், நாலு புள்ளி இரண்டு. சின்னவளை மடியில் படுக்க வைத்துத் தொடையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவளைப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார வைத்தோம், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

போட்டேன். சின்னது வீல் என்று அலறியது. அந்தச் சத்தத்துக்கு வராந்தாவில் இருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன, சில சேர்ந்து அழுதன. பெரியவள் மட்டும் திரும்பவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அம்மாக்காரி அவளைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். பிறகு அவள் சின்னவளின் தொடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, "அடுத்த தவணை எப்ப சிஸ்டர்?" என்று கேட்டாள்.

அட்டையில் தேதியை எழுதிக் கொடுத்தேன். இதற்கு மேல் எழுத வரவில்லை. போன் பண்ணு, எடுக்கிறேன்.

மேற்படி